புதிய மீன்தொட்டியின் கண்ணாடியிற் படர்வன எவை?

நெல், மரக்கறிச் செய்கையாளர்க்கான விளக்கக் குறிப்பு

நமுனுகுலை மலைச்சாரலில் அமைந்த ஸ்பிரிங்வெளிப் பகுதியில் ஊறும் நீர், தேயிலைச் சரிவுகளினூடாக இறங்கி, மரக்கறிப் பாத்திகளை நனைத்து, தாழ்ந்த வயல்களுக்குப் பாய்ந்து, ஈற்றிற் பதுளு ஓயாவிற் கலக்கின்றது. பதுளு ஓயா துன்ஹிந்த அருவியாய் வீழ்ந்து மகாவலி கங்கையைச் சேர்கின்றது. ஆதலால் மேட்டிலுள்ளவர் வாய்க்காலில் இடுவது எதுவாயினும் அது பள்ளத்திலுள்ளவரின் வயலை அடையும். இவ்வுண்மையைக் கமக்காரர் நன்கறிவர். ஆனால் வீட்டு விறாந்தையில் வைத்த ஒரு சிறு மீன்தொட்டிக்கும் இது பொருந்தும் என்பதைப் பலர் எண்ணுவதில்லை.

பிள்ளைகளின் விருப்பத்திற்காகவோ, கப்பி முதலிய அலங்கார மீன்களை வளர்த்து விற்கும் நோக்கத்துடனோ கண்ணாடித் தொட்டி வைப்போர் இப்பொழுது கிராமங்களிலும் தோட்டங்களிலும் உளர். தொட்டியை வைத்துச் சில நாள்கள் சென்றதும் கண்ணாடியில் வெண்மையான சளிபோன்ற பொருள் படர்கின்றது. பின்னர் கபிலநிறத் தூள் படிகின்றது. அதன்பின் பச்சைப் புள்ளிகளும் நூல்களும் தோன்றுகின்றன. சில வேளைகளில் நுண்ணிய புழுக்களும் முட்டைத் திரள்களும் காணப்படும். இவற்றைக் கண்டு மனங்கலங்கியோர் இரண்டு பிழைகளைச் செய்தல் வழக்கம். ஒன்று, பயிருக்குத் தெளிக்கும் மருந்திற் சிறிது தொட்டியில் விடுதல். மற்றையது, தொட்டியிலுள்ள அனைத்தையும் அப்படியே அருகிலுள்ள வாய்க்காலிற் கொட்டிவிடுதல். முதலாவது பிழையால் மீன்கள் மடியும். இரண்டாவதால் அயலாரின் வயல் கெடக்கூடும். இவ்விரண்டையும் தவிர்ப்பதற்குக் கண்ணாடியிற் படர்வது இன்னதென அடையாளங் காணும் முறை இங்கு விளக்கப்படுகின்றது.

புதிய தொட்டியில் நிகழ்வது யாது?

புதிய தொட்டி என்பது புதிதாகத் திருத்திய நிலத்தைப் போன்றது. அதில் உயிர்கள் இன்னும் தத்தம் இடத்தைப் பிடித்திருப்பதில்லை. மீனின் கழிவிலிருந்தும் உண்ணாமல் எஞ்சிய தீனியிலிருந்தும் அமோனியா உண்டாகின்றது. ஒருவகைப் பற்றீரியா அதனை நைத்திரைற்று என்னும் பொருளாக மாற்றும். வேறொரு வகை அதனை நைத்திரேற்று ஆக்கும். முன்னிரண்டும் மீனுக்கு நஞ்சாகும். மூன்றாவது சிறிதளவில் தீங்கற்றது, தாவரங்களுக்கு உணவுமாகும். மரக்கறிப் பாத்தியில் இட்ட யூரியாவும் மண்ணில் இத்தகைய படிகளைக் கடந்தே பயிருக்குப் பயன்படுகின்றது.

மண்ணில் இப்பற்றீரியாக்கள் ஏற்கனவே நிறைந்துள்ளன. புதிய தொட்டியிலோ அவை பெருகுவதற்கு ஏறத்தாழ நான்கு தொடக்கம் ஆறு கிழமைகள் வேண்டும். அக்காலத்தில் நீரிற் போசணை மிகுந்தும் அதனை உண்ணும் உயிர்கள் சமநிலை அடையாதும் இருக்கும். வெறுமையான நிலத்திற் களை முளைப்பதுபோல, வெறுமையான கண்ணாடியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல உயிர்கள் குடியேறுகின்றன. அவற்றுட் பெரும்பாலானவை தாமே வந்து தாமே ஒழிவன.

ஆராயும் முறை

அடையாளங் காண்பதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஒரு கைவில்லை, ஒரு டோர்ச் விளக்கு, ஒரு வைக்கோல் தண்டு ஆகியன போதும். பின்வரும் நான்கு வினாக்களுக்கு விடை காணல் வேண்டும்.

1. அதன் நிறம் யாது?
2. விரலால் துடைத்தால் தூளாகப் பிரிகின்றதா, தோல்போல உரிகின்றதா, உறுதியாக ஒட்டியிருக்கின்றதா?
3. வைக்கோல் தண்டினால் மெல்லத் தொட்டால் சுருங்குகின்றதா, நகர்கின்றதா? அல்லது அசைவற்றிருக்கின்றதா?
4. அது நீர்மட்டத்திற்குக் கீழே உள்ளதா, மேலே உள்ளதா?

விளக்கை அணைத்து ஒரு மணி நேரஞ் சென்றபின் டோர்ச் ஒளியிற் பார்த்தல் நன்று. பகலில் மறைந்திருக்கும் சில உயிர்கள் அப்பொழுது வெளிப்படும்.

தீங்கற்ற வளர்ச்சிகள்

வெண்சளி: தொட்டி வைத்த முதலிரு கிழமைகளில், சிறப்பாகத் தொட்டியிலிட்ட மரத்துண்டின்மீதும் அதனையடுத்த கண்ணாடியிலும், பஞ்சு போன்றோ சோற்றுக் கஞ்சியின் ஆடை போன்றோ வெண்பொருள் தோன்றும். தொட்டால் அசையாது, துடைத்தால் வழுவழுப்பாகப் பிரியும். இது பற்றீரியாவும் பங்கசும் சேர்ந்த படலமாகும். மரத்திலிருந்து கசியும் சத்தை உண்டு வளர்ந்து, அது தீர்ந்ததும் ஒழியும். நீர் பால்போலக் கலங்குவதும் பற்றீரியாவின் திடீர்ப் பெருக்கத்தாலேயே. ஆயினும் மீன்கள் நீரின் மேற்பரப்பில் வாயைத் திறந்து மூச்சு வாங்குமாயின், அப்பெருக்கத்தால் ஒட்சிசன் குறைந்திருக்கலாம், அமோனியா மிகுந்துமிருக்கலாம். உடனே நீரிற் காற்பங்கை மாற்றித் தீனியை நிறுத்தல் வேண்டும்.

கபிலத்தூள்: இரண்டாங் கிழமை தொடக்கம் கண்ணாடியிலும் மணலிலும் கபிலநிறத் தூள் படியும். விரலால் எளிதில் துடைக்கலாம். இது தயற்றம் எனப்படும் நுண்ணுயிராகும். தயற்றங்கள் தம் உடலைச் சுற்றிச் சிலிக்காவினால் ஓடு அமைக்கின்றன. நெல்லின் இலையோரம் கையை அறுப்பதற்கும், உமி எளிதில் உக்காமைக்கும் காரணமான அதே சிலிக்காதான் அது. புது மணலிலும் நீரிலும் உள்ள சிலிக்கா குறைந்து, பச்சைத் தாவரங்கள் வேரூன்றியதும் கபிலத்தூள் பெரும்பாலும் மறைந்துவிடும். துணியினால் துடைத்துவிடுதலே போதிய பரிகாரம்.

பச்சைப் புள்ளியும் பச்சை நூலும்: ஒளி மிகுந்தமைக்கு இவை அறிகுறி. கண்ணாடியில் வட்டமாக இறுக ஒட்டியிருப்பது பச்சைப் புள்ளி அல்கா. மயிர்போல நீண்டு அசைவது இழை அல்கா. மழைநீர்த் தொட்டியின் உட்சுவரிற் காணும் பாசியின் உறவினரே இவை. தொட்டியை யன்னலின் நேர் வெயிலிலிருந்து அகற்றி, விளக்கை நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலத்திற்கு மேல் எரியவிடாதிருத்தல் வேண்டும்.

வெண்கரை: நீர்மட்டத்தை ஒட்டி வரிவரியாகப் படியும் கடினமான வெண்பொருள் உயிரன்று. நீர் ஆவியாகும்போது எஞ்சும் சுண்ணாம்புச் சத்தாகும். நீரை இறக்கியபின் சிறிது வினாகிரியைத் துணியிற் தோய்த்துத் தடவினால் நுரைத்துக் கரையும். இதுவே அதனை அறியும் முறையுமாகும்.

கவனிக்கவேண்டிய வளர்ச்சிகள்

நீலப்பச்சைத் தோல்: கரும்பச்சையாகவோ நீலஞ் சார்ந்த பச்சையாகவோ வழுவழுப்பான தோல்போலப் படர்ந்து, பிடித்திழுத்தால் தகடாக உரிந்து, மண்நாற்றம் வீசுமாயின் அது நீலப்பச்சை அல்காவாகும். இதற்கு அல்கா என்று பெயர் வழங்கினும் இது உண்மையிற் பற்றீரியா இனத்தைச் சேர்ந்தது. நெல்வயலில் இவ்வினத்திற் பல கமக்காரரின் நண்பராம். நெல்வயல் மண்ணுக்கு வளியிலுள்ள நைதரசனைச் சேர்த்துத் தருவது இவ்வினமே என இந்திய ஆய்வாளர் பி. கே. டே 1939ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினார். வயலுக்கு நன்மை செய்வது தொட்டிக்கு நன்மை செய்யும் என்பதில்லை. தொட்டியில் இது செடிகளை மூடி அழுகச் செய்யும். சில வகைகள் நஞ்சையும் வெளியிடும். கையால் உரித்தெடுத்து, அடியிற் தங்கிய கழிவைக் குழாயினால் உறிஞ்சி அகற்றி, மூன்று நான்கு நாள்கள் தொட்டியைக் கருந்துணியால் மூடிவைத்தால் இது தளரும். மூடியிருக்கும் நாள்களிற் காற்றுப் பம்பி இடையறாது இயங்கல் வேண்டும்.

ஐதரா: கண்ணாடியில் ஒரு புள்ளியிற் பற்றிக்கொண்டு, ஒரு சென்ரிமீற்றருக்குட்பட்ட மெல்லிய தண்டும் அதன் நுனியில் மயிர்போன்ற சில கைகளும் உடையதாய்த் தோன்றும். தண்டினால் தொட்டால் உடனே சிறு உருண்டையாகச் சுருங்கும். இதுவே அதன் தெளிவான அடையாளம். அதன் கைகளிலுள்ள கொட்டும் அணுக்களாற் புதிதாய்ப் பிறந்த மீன்குஞ்சுகளைப் பிடித்துண்ணும். வளர்ந்த மீனுக்குத் தீங்கில்லை; குஞ்சு பெருக்கி விற்போருக்கே நட்டம். ஐதராவைக் கண்ணாடியில் வைத்து நசுக்குதல் ஆகாது. 1740களில் ஆபிரகாம் திறெம்பிளி என்னும் சுவிற்சலாந்து அறிஞர் ஐதராவைத் துண்டுகளாக வெட்டியபோது, துண்டுகள் முழு உயிர்களாக வளர்ந்ததைக் கண்டார். கோரைக்கிழங்கை மண்வெட்டியால் துண்டித்துப் பெருக்குவதற்கு இது ஒப்பாகும். சிறு குழாயினால் ஒவ்வொன்றாக உறிஞ்சி வெளியேற்றித் தீனியைக் குறைத்தலே முறை.

தட்டைப்புழுவும் நூற்புழுவும்: கண்ணாடியில் வழுக்கிச் செல்வதும், அம்புமுனைபோன்ற தலையும் இரு கண்புள்ளிகளும் உடையதும் தட்டைப்புழு. நீரில் நெளிந்து நீந்தும் வெண்ணூல் போன்றது கழிவுண்ணும் நூற்புழு. பின்னது தீங்கற்றது; ஆனால் தீனி மிகையாகின்றது என்பதை உணர்த்துவது. தட்டைப்புழுவும் ஐதராவைப் போன்று துண்டத்திலிருந்து வளரவல்லது. வாய் குறுகிய சிறு போத்தலில் இறைச்சித் துண்டு ஒன்றை இட்டு இரவில் தொட்டியின் அடியில் வைத்தால், புழுக்கள் அதனுட் சேரும். விடியுமுன் எடுத்துவிடலாம்.

முட்டைத் திரள்: நீருக்குக் கீழே கண்ணாடியில் ஒட்டிய, தெளிந்த பசைபோன்ற சிறு துளியும் அதனுட் புள்ளிகளும் காணப்படின் அவை சிறு நத்தைகளின் முட்டைகள். செடிகளுடன் ஒட்டி வந்தவையே பெரும்பாலும் இவை. தொட்டியில் அவை செய்யும் தீங்கு சிறிது; ஆயின் குளத்து நத்தைகளுட் சில மாடு, ஆடு ஆகியவற்றின் ஈரலைத் தாக்கும் தட்டைப்புழுவைச் சுமப்பன. ஆதலால் வெளி நீரில் அவற்றை விடுதல் தகாது.

நீர்மட்டத்திற்கு மேலே, கண்ணாடியிலோ மூடியிலோ, சிறு மணிகளை நெருக்கி ஒட்டியதுபோன்ற இளஞ்சிவப்பு முட்டைத் திரள் காணப்படின் அது மிக்க கவனத்திற்குரியது. அது தென்னமெரிக்க அப்பிள் நத்தையின் முட்டையாய் இருக்கலாம். 1980ஆம் ஆண்டளவில் உணவுக்கெனத் தாய்வானுக்குக் கொண்டுவரப்பட்ட பொன்னிற அப்பிள் நத்தை, வளர்ப்பிடங்களிலிருந்து தப்பி, பிலிப்பைன்ஸ், வியற்நாம், தாய்லாந்து முதலிய நாடுகளின் வயல்களிற் பரவி, இளம் நாற்றுக்களை அடியோடு அறுத்துண்ணும் பீடையாயிற்று. அவ்வினத்துடன் நெருங்கிய மற்றொரு நத்தை அலங்கார மீன் வியாபாரத்தின் வழியே இலங்கைக்கு வந்து வெளி நீர்நிலைகளிலும் காணப்பட்டுள்ளது. இவற்றின் முட்டைத் திரளை உலர்ந்திருக்கும்போதே சுரண்டி நசுக்கிப் புதைத்தல் வேண்டும். அத்தகைய முட்டை வாய்க்காற் கரையிலோ நெற்றாளிலோ காணப்பட்டால், அப்பகுதி விவசாயப் போதனாசிரியருக்குத் தாமதமின்றி அறிவித்தல் வேண்டும்.

பயிர் மருந்தைத் தொட்டியில் இடலாகாது

வயலிற் பாசி மிகுந்து நாற்றை மூடும்போது, நீர் நுழையும் வாயிலில் மயில்துத்தத்தைப் பையிற் கட்டிவைக்கும் வழக்கம் உண்டு. உருளைக்கிழங்கு, தக்காளி ஆகியவற்றின் வெளிறலுக்குச் செம்புசேர் பங்கசுநாசினிகள் தெளிக்கப்படுகின்றன. ஆகவே தொட்டியின் பாசிக்கும் அதனையே இடலாம் என எண்ணுதல் இயல்பு. ஆயின் செம்பு மீனின் பூக்களைத் தாக்கும். மென்னீரில் அதன் நச்சுத்தன்மை இன்னும் மிகும்; மலையூற்று நீர் பெரும்பாலும் மென்னீராகும். வயலிற் பயன்படும் ஒரு சிட்டிகை, தொட்டியில் மீன் முழுவதையும் கொல்லப் போதியது. மருந்து கலக்கிய வாளியைக் கழுவியேனும் தொட்டிக்கு நீர் அள்ளப் பயன்படுத்தலாகாது. குழாய்நீர் குளோரீன் கலந்ததாயின், திறந்த பாத்திரத்தில் ஓர் இரவு வைத்து மறுநாள் விடுதல் வேண்டும்.

பாசியைத் தின்னும் என்று கூறி விற்கப்படும் உறிஞ்சுவாய்க் கெளிற்று மீனை வாங்குமுன்னும் சிந்தித்தல் வேண்டும். விரலளவாய் வாங்கப்படும் இம்மீன் ஒரு அடிக்கு மேல் வளரும். தொட்டியிற் கொள்ளாதபோது ஆற்றில் விடப்பட்டு, இலங்கையின் நீர்நிலைகள் சிலவற்றில் இது நிலைபெற்றுவிட்டது. இனப்பெருக்கத்திற்காகக் கரையைக் குடைந்து வளை அமைப்பது இதன் இயல்பு. வாய்க்காற் கரையையும் குளக்கட்டையும் காக்கும் கமக்காரருக்கு இதன் கேடு விளங்கும். இரு கிழமைகளில் துணியினால் துடைத்துவிடக்கூடிய கபிலத்தூளுக்காக இத்தகைய மீனை வாங்குதல் அறிவுடைமையன்று.

சல்வீனியா தந்த பாடம்

ஒரு தொட்டியளவு தாவரம் நாட்டிற்குக் கேடு விளைவிக்குமா என ஐயுறுவோர் சல்வீனியாவின் வரலாற்றை நினைவு கூர்தல் நன்று. இது பிரேசில் நாட்டிற்குரிய நீர்மிதவைப் பன்னம். 1939ஆம் ஆண்டில் தாவரவியற் கல்வியின் பொருட்டுக் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டது. அங்கிருந்து வெளியே பரவி, 1950களிற் பெருமளவு நெல்வயல்களையும் வாய்க்கால்களையும் மூடியது. இதற்கு வித்தில்லை, முளைக்கும் வித்தியும் இல்லை. ஆயினும் ஒரு கணுவுள்ள துண்டு ஒன்றே புதுச்செடியாகும். ஏற்ற சூழலிற் சில நாள்களுக்குள் இருமடங்காகப் பெருகும். வயலில் இதனைக் கூலிக்காரரைக் கொண்டு வாரிய கமக்காரர், அடுத்த போகத்தில் மீண்டும் அதே அளவு வாரவேண்டியதாயிற்று. 1986ஆம் ஆண்டில், இதனை மட்டும் உண்ணும் ஒரு சிறு வண்டு இந்நாட்டில் விடப்பட்டது. அதன்பின் பல இடங்களில் இக்களை தணிந்தது. எனினும் முற்றாக ஒழியவில்லை.

சிங்களத்தில் ஜப்பான் ஜபர எனப்படும் ஆகாயத்தாமரையும் அழகிய ஊதாப்பூவிற்காக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு கொணரப்பட்டதே. அதன் கேடு விரைவில் உணரப்பட்டமையால் 1909ஆம் ஆண்டிலேயே அதற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. இவை இரண்டும் இன்றும் மீன்தொட்டிகளில் அழகுக்காக மிதக்கவிடப்படுதல் வருந்தத்தக்கது.

சல்வீனியாவை அசோலாவென மயங்குவோர் உளர். அசோலா மிகச் சிறியது. செதில்போன்ற இலைகள் அடுக்கியிருக்கும். வெயிலிற் செந்நிறங் கொள்ளும். நைதரசனை நிலைப்படுத்துவதால் நெல்லுக்குப் பசளையுமாகும். சல்வீனியாவின் இலை அதனினும் பெரியது. இலைகள் இரண்டிரண்டாய் நிற்கும். மேற்பரப்பில் அடர்ந்த மயிர்கள் உள. அவற்றைக் கைவில்லையினூடு நோக்கினால், நுனிகள் ஒன்றுசேர்ந்து சிறு கூண்டுபோற் காணப்படும். நெருங்கி வளர்ந்தால் இலைகள் நடுவில் மடிந்து செங்குத்தாக நிற்கும். இவ்வடையாளங்கள் காணப்படின் அதனைத் தொட்டியில் வைத்திருக்கலாகாது.

அகற்றும் முறை

1. தொட்டியிலிருந்து எடுக்கும் நீரை வாய்க்கால், ஊற்று, கிணறு, வயல் ஆகியவற்றில் ஊற்றலாகாது. அவற்றிற்குத் தொலைவிலுள்ள வாழையடியிலோ மரக்கறிப் பாத்தியிலோ ஊற்றுக. அந்நீரிலுள்ள நைத்திரேற்று பயிருக்குப் பசளையாம். உப்போ மருந்தோ சேர்த்த நீராயின் பயிருக்கும் ஊற்றலாகாது.

2. துடைத்த பாசியையும் மிகையான செடிகளையும் சாக்கின்மீது பரப்பி, நொறுங்கும்வரை வெயிலில் உலர்த்திய பின்னரே கூட்டெருக் குழியில் இடுக. ஈரமாக இட்டால் மழைநீருடன் வழிந்து வாய்க்காலை அடையலாம்.

3. நத்தையையும் அதன் முட்டையையும் நசுக்கிப் புதைக்க.

4. வளர்க்க விருப்பமில்லாத மீனை ஓயாவில் விடாது, வளர்ப்போர் ஒருவரிடம் கொடுக்க.

5. புதிதாக வாங்கிய செடியை ஒரு கிழமை தனிப் பாத்திரத்தில் வைத்து, முட்டையும் புழுவும் உளவோ எனப் பார்த்தபின்னரே தொட்டியில் நடுக.

புதிய தொட்டிக்கு முதல் ஆறு கிழமைகளில் வேண்டியவை மூன்று: குறைந்த மீன், குறைந்த தீனி, கிழமைக்கு ஒருமுறை காற்பங்கு நீர் மாற்றுதல். தீனி ஓரிரு நிமிடத்தில் உண்டு முடிக்கும் அளவினதாய் இருத்தல் வேண்டும். இவற்றைக் கைக்கொண்டு பொறுத்திருப்போரின் தொட்டியில் வெண்சளியும் கபிலத்தூளும் வந்த வழியே சென்றுவிடும்.

வயலிற் புதிய செடியொன்றைக் கண்டதும் அதனைப் பிடுங்குமுன், பயிரா களையா எனக் கமக்காரர் நின்று நோக்குவர். அந்நோக்கே தொட்டிக்கும் வேண்டுவது. கண்ணாடியிற் படர்வனவற்றுட் பெரும்பாலானவை துணியொன்றினால் தீர்வன. சிலவோ ஒருமுறை வாய்க்காலில் இறங்கிவிட்டால் மூன்று தலைமுறை வாரினும் தீராதன. எது எதுவென அறிந்துகொள்வது, மேட்டுநில வீட்டார் பள்ளத்து வயலார்க்குச் செய்யும் உதவியாகும்.